நான்காவது தாளில் நின்ற செடி

ஜூன் மாதத்தில் தொடங்கிய ஒரு சிறிய நீர்வண்ண ஓவியம், மூன்று தாள்கள் குப்பைக்குப் போன பிறகு, ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் ஒருவழியாக முடிந்து சட்டத்துக்குள் ஏறியது. படத்தில் இருப்பது ஒரே ஒரு தொட்டிச் செடிதான். அதற்கு ஏன் இரண்டு மாதம் ஆயிற்று என்று வீட்டில் கேட்டார்கள். எந்தெந்த இடத்தில் எப்படித் தவறினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

கோவையில் எங்கள் குடியிருப்பின் மேல்வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்த அக்கா, ஓசூருக்குக் குடிபெயர்ந்த அன்று காலையில் ஒரு ஸ்நேக் பிளான்ட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே இறங்கி வந்தார். “லாரில ஏத்துனா ஒடிஞ்சு போயிரும். நீயே வெச்சுக்க, கண்ணு” என்று கொடுத்துவிட்டுப் போனார். பதிலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத சங்கடத்தில், இதையே வரைந்து உங்கள் புது வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் பழங்களையும் பாத்திரங்களையும் வரைந்து பழகிய கை எனக்கு. செடி எதையும் முழுதாக வரைந்ததில்லை.

ஏழு இலைகள். நெட்டுக்குத்தாக நிற்பவை; ஒவ்வொன்றின் ஓரத்திலும் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் கரை; நடுவில் சாம்பல் பச்சையும் கரும்பச்சையும் குறுக்குக் குறுக்காக, நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. சான்செவியேரியா என்று நெடுங்காலம் வழங்கிவந்த இச்செடியை இப்போது தாவரவியலாளர்கள் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். இதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. அம்மாவோ பார்த்தவுடன் “இது நம்ம மருளாட்டம் இருக்குது” என்றார். அது சரிதான், வேலியோரத்தில் கிடக்கும் மருளும், வில்லுக்கு நாண் திரிக்க ஒரு காலத்தில் நார் கொடுத்த அந்தச் செடியும் ஒன்றே, இதற்கு நெருங்கிய உறவு. இலையை விரலால் நீவிப் பார்த்தால் உள்ளே நார் ஓடுவது தெரிகிறது. இந்த விறைப்பைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அப்போதே மனத்தில் பதிந்துவிட்டது.

முதல் வேலையாக இடம் பிடித்தேன். கிழக்கு ஜன்னலருகே வைத்தால் காலை ஏழு மணிக்கு இடப்பக்கம் விழும் நிழல் பத்து மணிக்கு வேறெங்கோ போய்விடுகிறது. மேசை விளக்கைப் போட்டால் நிழல் நகராது என்று நினைத்து இரண்டு மாலைகள் அப்படி வரைந்தேன். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் கலந்த பச்சைகள் எல்லாம் நீலம் தூக்கலாக இருந்தன. கடைசியில் வடக்குப் பார்த்த சமையலறை ஜன்னலுக்கு மாறினேன். தினமும் காலை ஏழரை முதல் எட்டேகால் வரை மட்டும் உட்கார்வது என்று முடிவு செய்தேன். தொட்டியின் அடியைச் சுற்றி மேசையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தொட்டியின் முன்பக்கத்திலும் ஒரு துண்டு ஒட்டினேன். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் அடையாளம் வைத்தேன். இதைச் செய்வதற்கு முன் ஐந்து நாட்கள் வீணாயின. எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று அம்மா தினமும் செடியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அளவு எடுப்பது எளிதாகவே முடிந்தது. தொட்டியின் உயரம் 11 செ.மீ.; அதன் விளிம்புக்கு மேல் மிக உயர்ந்த இலை 37 செ.மீ.; மொத்தம் 48. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் சரிபாதி அளவில் வரைந்தால் 24 செ.மீ. வரும், மேலும் கீழும் மூச்சு விட இடம் இருக்கும். கண் அளவை நம்பாமல், கையை முழுதாக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, தொட்டியின் உயரத்தை ஓர் அலகாகக் கொண்டு ஒவ்வொரு இலையையும் அளந்தேன். நடு இலை மூன்று தொட்டிக்கு மேல், மூன்றரைக்குக் கீழ் என்று வந்தது. ஸ்கேல் சொன்ன கணக்கும் அதுவே.

இலையின் உருவத்தில்தான் முதல் சறுக்கல். நான் முதலில் போட்ட இலைகள் ஒவ்வொன்றும் கோயில் திருவிழாவில் விற்கும் அட்டைக் கத்தியைப் போல இருந்தன. காரணம், இடது ஓரத்தை ஒரு கோடாகவும் வலது ஓரத்தை ஒரு கோடாகவும் தனித்தனியே இழுத்ததுதான். உண்மையில் இந்த இலை தட்டையானதே அல்ல. அடியில் வாய்க்காலைப் போல மடிந்து, மேலே போகப் போக விரிந்து, பாதி உயரத்தில் மெல்லத் திருகிக்கொள்கிறது. அந்தத் திருகலில் ஓர் ஓரம் மறைந்து இலையின் முதுகு முன்னால் வருகிறது. ஓரங்களை விட்டுவிட்டு இலையின் நடுக்கோட்டை மட்டும் முதலில் இழுத்து, அது எங்கே வளைகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்தபின் இரு பக்கமும் அகலத்தைக் குறித்துக்கொண்டு ஓரங்களைச் சேர்த்தபோது, முதல் முறையாக ஓர் இலை நிமிர்ந்து நின்றது. நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத, காய்ந்த முள் போன்ற பழுப்பு முனை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இலை மொண்ணையாகத் தெரிகிறது. தொட்டியின் வாயையும் இரண்டு முறை தவறாகப் போட்டேன். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடிந்து, வாழைப்பூ மடலைப் போல ஆயிற்று. ஓரங்கள் சிறிதாயினும் உருண்டே திரும்ப வேண்டும்.

இவ்வளவு திருத்தங்களையும் ஓவியத்தாளிலேயே செய்தது அடுத்த தவறு. ரப்பர் போட்டுத் தேய்த்த இடங்களில் தாளின் மேல்பூச்சு போய்விடுகிறது. அங்கே வண்ணம் பட்டவுடன் மைஉறிஞ்சித் தாளைப் போல இழுத்துக்கொண்டு திட்டாகிவிடுகிறது. எனவே சாதாரண வெள்ளைத் தாளில் வரைந்து முடித்து, பிறகு பிரதியெடுக்கலாம் என்று முடிவு செய்து, மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கார்பன் தாளை எடுத்தேன். அதைவிட அந்தப் பென்சில் கோடுகளோடே வண்ணம் பூசியிருக்கலாம். கார்பன் கோடு அழிவதில்லை. அதிலுள்ள மெழுகுப் பசையால் நீர்வண்ணம் கோட்டின் இருபுறமும் விலகி ஓடுகிறது. பிறகு, வரைந்த தாளின் பின்புறத்தில் 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, பஞ்சால் ஒற்றி, அதை நல்ல தாளின் மேல் வைத்து 2எச் பென்சிலால் மெதுவாக ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு சாம்பல் கோடு இறங்கியது. அந்த மூலத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்கு தாள்களில் மூன்று அதிலிருந்து எடுத்தவை.

முதல் தாள், அண்ணன் மகளின் பள்ளி வரைபட நோட்டிலிருந்து கிழித்தது, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை). அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் பட்டவுடன் அலை அலையாக எழும்பியது, பள்ளங்களில் வண்ணம் தேங்கியது, இரண்டாம் பூச்சில் தாள் நூல் நூலாகத் திரிந்தது.

இரண்டாவது, 300 ஜி.எஸ்.எம். தாள், இருபத்தைந்து விழுக்காடு பருத்தி. இதில் தாள் தவறு செய்யவில்லை, நான் செய்தேன். சாப் கிரீன் என்னும் ஆயத்தப் பச்சையை டியூபிலிருந்து அப்படியே எடுத்து இலை முழுவதும் பூசினேன். அரசியல் கட்சிக் கொடியின் பச்சை போல ஆனது. அது ஈரமாக இருக்கும்போதே கரும்பச்சைப் பட்டைகளைப் போட்டேன். எல்லாம் பரவிக் கலந்து ஒரே குழம்பாகி, காய்ந்தபின் காலிஃபிளவர் போன்ற வெளிறிய திட்டுகள் நின்றன. கடைசியாக மஞ்சள் கரையைப் பச்சையின் மேல் இழுத்தேன். நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் வண்ணம் என்பது தெரிந்த சேதிதான், தெரிந்தே செய்தேன். பச்சையின் மேல் மஞ்சள் போட்டால் இன்னொரு பச்சைதான் கிடைக்கும். வெள்ளை போஸ்டர் வண்ணத்தைக் கலந்து ஒரு இலையின் கரையை மூடிப் பார்த்தேன். அது சுண்ணாம்பு அடித்த படிக்கட்டின் விளிம்பு போல, செடியை விட்டுத் தனியே நின்றது.

ஆக, மஞ்சள் கரையை முதலிலேயே காப்பாற்றி வைக்க வேண்டும். அதற்கென்றே இருக்கிறது மாஸ்கிங் ஃபுளூயிட் என்று கடைக்காரர் ஒரு சிறு புட்டியைக் கொடுத்தார். ரப்பர் பால் போன்ற திரவம். பூசிக் காயவிட்டால் அந்த இடத்தில் வண்ணம் ஏறாது, பிறகு தேய்த்து உரித்துவிடலாம். மூன்றாவது தாளில் ஏழு இலைகளின் பதினான்கு ஓரங்களிலும் அதைப் பூச ஒரு முழுக் காலை போயிற்று. இதில் மூன்று தவறுகள் செய்தேன். தூரிகையைச் சோப்பில் தோய்க்காமல் நேரே புட்டியில் விட்டதால், ஆறாம் எண் தூரிகை ரப்பர் பிடித்து ஈர்க்குச்சியாகிவிட்டது. அது ஜூலை மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றிலும் தூறலிலும் எதுவும் விரைவில் காயாததால், முடி உலர்த்தியை வைத்துச் சூடாக்கினேன். போதாததற்கு, வேலை இழுத்து, அது நான்கு நாட்கள் தாளிலேயே கிடந்தது. உரித்தபோது ஐந்து இடங்களில் தாளின் தோலும் சேர்ந்து வந்தது. உரியாமல் தப்பிய ஓரங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல அவ்வளவு கறாராக இருந்தன. செடியில் அந்தக் கரை அப்படி இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், மஞ்சளிலிருந்து மெல்லிய பச்சைக் கீற்றுகள் உள்நோக்கி ஓடுகின்றன. சில இடங்களில் மஞ்சள் ஒரு நூலிழையாகப் பிரிந்து இலைக்குள் சற்றுத் தூரம் போய் நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் வண்ணமே வேண்டாம், பென்சில் படமாகவே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இதே கோவையில் 1840-களில் பருத்திச் சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் என்பவர் ரங்கையா, கோவிந்து என்னும் இரு ஓவியர்களைக் கொண்டு தென்னிந்தியச் செடிகளை வரையச் செய்து கல்லச்சில் வெளியிட்டவற்றில் பெரும்பாலானவை வண்ணமில்லாத கோட்டுருவங்களே. அவற்றில் எதுவும் குறைவாகத் தெரிவதில்லை. ஆனால் இந்தச் செடியின் மஞ்சள் கரையை எடுத்துவிட்டால் அக்காவின் செடி என்று எப்படித் தெரியும்? பென்சிலில் அது எந்த மருளாகவும் இருக்கலாம்.

இதற்கிடையே செடிக்கு ஒரு விபத்து. தினமும் எதிரே உட்காருகிறோமே என்ற பாசத்தில் தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. அதற்குள்ளே நர்சரியின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி அப்படியே இருந்திருக்கிறது. ஒரு காலையில் வலப்பக்க இலை லேசாகச் சாய்ந்திருந்தது. தொட்டவுடன் அடி வெந்த கத்தரிக்காய் போலக் குழைந்து கையோடு வந்துவிட்டது. உள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் பீங்கானுக்குள் இரண்டு தம்ளர் தண்ணீர் நின்று நாற்றமடித்தது. கொட்டிக் கழுவி, மண்ணைப் பத்து நாட்கள் காயவிட்டேன். மற்ற ஆறும் பிழைத்தன. அழுகிய அடியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியை எட்டு எட்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, மேல் கீழ் மாறாமல் மணலில் ஊன்றினேன்.

ஓவியத்துக்கு இப்போது ஒரு கேள்வி வந்தது: ஆறு இலையா, ஏழு இலையா? மூலத்தாளில் ஏழு இருந்தன. கொடுத்தவர் கொடுத்ததும் ஏழு. ஏழாகவே வரைந்தேன்.

நான்காவது தாள் முழுப் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். நான்கு பக்கமும் பலகையில் டேப்பால் ஒட்டினேன். வண்ணத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சிறு கருவி செய்தேன். இந்த வேலை முழுவதிலும் உருப்படியான ஒரு காரியம் அதுதான். கெட்டி வெள்ளை அட்டையில் மூன்று செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அலுவலகப் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டேன். அதை இலையின் முன் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தால், சுற்றியுள்ள எதுவும் தெரியாமல் ஒரு பொட்டு நிறம் மட்டும் தெரிகிறது. கரும்பச்சை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இடம், ஓட்டைக்குள் நீலம் கலந்த வெளிறிய சாம்பலாகத் தெரிந்தது. ஜன்னல் வழியே தெரியும் மழைமேகம் இலையின் பளபளப்பில் விழுந்திருக்கிறது. கலந்த வண்ணத்தை ஓட்டைக்குப் பக்கத்திலேயே தீற்றி, காயவிட்டு, மீண்டும் இலையோடு ஒப்பிட்டேன். காய்ந்தபின் நிறம் ஒரு படி வெளிறும் என்பதால் ஈரத்தில் ஒப்பிட்டுப் பயனில்லை. மூன்று பட்டைகள் நிறைந்தபின் எனக்கு வேண்டிய பச்சைகள் கிடைத்தன. அல்ட்ராமரைன் நீலமும் லெமன் எல்லோவும் கலந்து, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைத் துளி சேர்த்தால் கரும்பச்சை; அதே கலவையில் நிறையத் தண்ணீரும் தூரிகை நுனியளவு சிவப்பும் சேர்த்தால் சாம்பல் பச்சை. சாப் கிரீன் டியூபை அதன்பின் திறக்கவே இல்லை.

ஓரத்தில் மட்டும் நான்கு மி.மீ. அகலத்துக்கு மஞ்சள் இழுத்து, உடனே வெறும் தண்ணீர் தொட்ட தூரிகையால் அதன் உள்விளிம்பை இலையின் நடுவை நோக்கிக் கரைத்துவிட வேண்டும். முதல் இலையில் மஞ்சளை இலை முழுவதும் பூசிவிட்டேன்; மேலே வந்த சாம்பல் பச்சை வெந்தயக்கீரை நிறமாக மாறிவிட்டது. அந்த இலை பின்வரிசையில் இருப்பதால் அவ்வளவாகத் தெரியவில்லை. மஞ்சள் காய முக்கால் மணி நேரம். பிறகு, வெளியே இரண்டரை மி.மீ. மஞ்சளை விட்டுவிட்டுச் சாம்பல் பச்சை. அது நன்றாகக் காய்ந்தபின், இரண்டாம் எண் தூரிகையில் வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து, துணியில் ஒற்றி, பாதி காய்ந்த முனையால் குறுக்குப் பட்டைகள். இவற்றைக் கோடாகப் போடக் கூடாது. அருகருகே சிறு சிறு செங்குத்துத் தொடுகைகளாக வைத்து, மேலும் கீழும் பல் பல்லாக முடியவிட வேண்டும். இலை திரும்பும் இடத்தில் பட்டையும் திரும்பும். இலையின் வாய்க்கால் வடிவத்தைக் காட்டுவதில் நிழலைவிட இந்தப் பட்டைகளின் வளைவுக்கே பங்கு அதிகம் என்பது மூன்றாவது இலை வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

கடைசியாக நிழல்: அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த நீர்த்த சாம்பல், இலையின் ஒரு பாதியில் மஞ்சள், பச்சை எல்லாவற்றின் மேலும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. திரும்பத் தொட்டால் அடியில் உள்ள பட்டைகள் கரைந்து மேலே வந்துவிடும். நான்காம் இலையில் திரும்பத் தொட்டேன், வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து இலைகளைச் சேர்ந்தாற்போல் பூசாமல் ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டதால், காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. ஒன்பது காலைகளில் இலைகள் முடிந்தன. வெள்ளைத் தொட்டிக்கு வண்ணமே பூசவில்லை. வலப்பக்க நிழலும், விளிம்புக்குக் கீழே இலைகளிலிருந்து விழும் மெல்லிய பச்சைச் சாயலும் மட்டும். அதுவே பளபளத்தது.

செலவு: இரண்டாம் வகைத் தாள்கட்டு 320 ரூபாய், முழுப் பருத்தித் தாள் ஐந்து 375, தூரிகைகள் மூன்று 365, மாஸ்கிங் ஃபுளூயிட் 230, டேப் 45, பிசையும் ரப்பர் 60, கண்ணாடியோடு சட்டம் 480, மொத்தம் 1,875. வண்ணப்பெட்டி முன்பே இருந்தது. இவற்றுள் 230 ரூபாய்ப் புட்டியும், அது தின்ற தூரிகையும் தண்டம். தாளில் மிச்சம் பிடிக்க நினைத்ததும் தண்டமே. முழுப் பருத்தித் தாளில் முதல் நாளே தொடங்கியிருந்தால் செலவும் குறைந்திருக்கும். அடுத்த முறை, செடி வந்த அன்றே ஒவ்வொரு இலைக்கும் அட்டைப் பட்டையில் நிறக்குறிப்பு எடுத்துவிடுவேன். ஏழாவது இலையை வெறும் ஞாபகத்திலிருந்து பூசினேன். படத்தில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். அதன் பட்டைகள் மற்ற இலைகளைப் பார்த்து எழுதிய காப்பி போல இருக்கின்றன.

ஆகஸ்டு கடைசியில் ஓசூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சட்டத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய், கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாம் நம்ம செடியேதான். வலது ஓரத்துல இருக்கறது மட்டும் அடையாளம் தெரியல” என்றார். தண்ணீர் ஊற்றிய கதையைச் சொன்னேன். தானும் இரண்டு இலைகளை அப்படித்தான் அழுகவிட்டதாகச் சொல்லிவிட்டு, படத்தைச் சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்.

மணலில் ஊன்றிய மூன்று துண்டுகளில் ஒன்று சுருங்கிவிட்டது. இன்னொன்றின் அடியிலிருந்து நவம்பர் தொடக்கத்தில், சுருட்டிய வெற்றிலை போல ஒரு குருத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மஞ்சள் ஓரமுள்ள இந்த வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் ஓரம் வராது, வெறும் பச்சையாகவே முளைக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கிறது. கரையே இல்லாத சாம்பல் பச்சை. பிசையும் ரப்பரும் முழுப் பருத்தித் தாள்கள் நான்கும் மீதி இருக்கின்றன. குருத்து ஒரு சாண் வளர்ந்ததும் அதற்கு ஒரு தாளை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.